மேலே அணை, கீழே மழை

காவிரி என்றால் கர்நாடகத்தைச் சொல்லலாம். பாலாறு என்றால் ஆந்திரத்தைச் சொல்லலாம். முல்லைப் பெரியாறு என்றால் கேரளம் இருக்கிறது. தாமிரபரணியில் அப்படிக் கை நீட்ட ஆள் கிடையாது. பொதிகை மலையில் பிறந்து, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடி, புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவில் சேரும் வரை அது தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டுவதே இல்லை. அணையும் நம்முடையது, வாய்க்காலும் நம்முடையது, சாக்கடையும் நம்முடையது. நடுவர் மன்றமும் இல்லை, ஆணையமும் இல்லை. இந்த ஆற்றுக்கு ஏதாவது ஆகிறது என்றால் ஒன்று வானம் செய்திருக்க வேண்டும், அல்லது நாம் செய்திருக்க வேண்டும்.

பருவநிலை மாற்றம் ஒரு படுகையை என்ன செய்கிறது என்று நேரில் பார்க்க இதை விடத் தோதான ஆறு எனக்குத் தெரியவில்லை. டவுன் பஸ்ஸை வைத்தே மலை முதல் கடல் வரை பார்த்துவிடலாம் என்பது கூடுதல் வசதி. சென்ற புரட்டாசியில், கார் அறுவடை முடிந்து பிசானத்துக்கு இன்னும் உழவு தொடங்காத இடைவெளியில், பாபநாசத்தில் பஸ் ஏறினேன்.

பாபநாசம் சோதனைச் சாவடியில் வனத்துறைக்காரர்கள் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதைத் தாண்டினால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் கூட்டத்தோடு காரையாறு வரை போகலாம். அதற்கு மேலே, ஆறு பிறக்கும் பூங்குளம் பக்கம், நினைத்தபடி போக முடியாது. போகாமல் இருப்பதே நல்லது.

காரையாற்றில் நிற்பதுதான் பாபநாசம் அணை. 143 அடி. 1944-இல் கட்டி முடித்தது. கொள்ளளவு 5,500 மில்லியன் கன அடி. பக்கத்தில் 156 அடி சேர்வலாறு, இதோடு சுரங்க வழியாகச் சேர்ந்திருக்கிறது. கொஞ்சம் தெற்கே 118 அடி மணிமுத்தாறு, 1958-இல் வந்தது. மூன்றையும் சேர்த்தால் 12 டிஎம்சிக்குச் சற்று மேல். நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் நெல்லும் வாழையும் குடிதண்ணீரும் இந்தப் பன்னிரண்டை நம்பித்தான்.

நான் போன அன்று தண்ணீருக்கும் காட்டுக்கும் நடுவே செம்மண் பட்டை ஒன்று மலையைச் சுற்றி ஓடியது. அணை நிரம்பினால் அது மறைந்துவிடும். அந்தப் பட்டைக்கு மேலே தெரிகிற காடுதான் உண்மையான அணை என்று சொல்வேன். சோலைக்காட்டின் தரை முழுக்க இலைமக்கு. அதற்கு மேலே புல்வெளி. சாரலாக விழும் மழையை இந்த மண் வாங்கி வைத்துக்கொண்டு, ஊற்றாகவும் கசிவாகவும் மாதக்கணக்கில் விடுகிறது. சித்திரையிலும் அகத்தியர் அருவியில் தண்ணீர் விழுவது இப்படித்தான். அணை கட்டாத காலத்திலும் ஆறு வற்றாமல் இருந்தது இதனால்தான்.

இந்த ஏற்பாடு நடக்க மழைக்கு ஒரு குணம் வேண்டும். நிதானமாகப் பெய்ய வேண்டும், பல நாள் பெய்ய வேண்டும். ஒரே இரவில் அரை மீட்டர் கொட்டினால் எந்தக் காட்டு மண்ணும் வாங்காது. மேலோடு வழித்துக்கொண்டு போய்விடும். ஆண்டு மொத்தத்தைப் பார்த்தால் சராசரிக்குக் குறைவில்லை என்று கணக்கு வரும். ஆற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை எண்ணினால் குறைந்திருக்கும். இந்தப் பயணம் முழுக்க நான் கேட்டதும் பார்த்ததும் இந்த ஒன்றைத்தான்: மழை குறையவில்லை, மழையின் முறை தப்பிவிட்டது.

மலையிலிருந்து இறங்கி அம்பாசமுத்திரம். நெல்லுக்குப் பேர் போன ஊர். 1937 முதல் இங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த அம்பை-16 ரகம் இங்கிருந்து போனதுதான். நெல்லைச் சீமையில் விவசாயி காலண்டர் பார்ப்பது இரண்டு சொற்களால். ஒன்று கார், ஜூனில் தொடங்குவது, தென்மேற்குப் பருவமழையை நம்பியது. இன்னொன்று பிசானம், ஐப்பசியில் தொடங்கி மாசி பங்குனியில் அறுப்பது, வடகிழக்கை நம்பியது. இரண்டு பருவமழையும் ஒரே ஆற்றில் சேர்வதால் இரண்டு போகம். தமிழ்நாட்டில் இந்தக் கொடுப்பினை எல்லா ஆற்றுக்கும் வாய்க்கவில்லை.

டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் நதியுண்ணிக் கால்வாயில் வயல் வைத்திருப்பவர். பேச்சுக் கொடுத்ததும் ஆரம்பித்துவிட்டார்.

“ஜூன் ஒண்ணாந்தேதி தண்ணி தொறப்பாவ அண்ணாச்சி. அத நம்பித்தான் நாத்துப் பாவுவோம். இப்ப டேம்ல தண்ணி கெடந்தாத்தானே தொறப்பாவ? ஜூன் மழ ஜூலைக்கு வருது. சில வருஷம் வரவே மாட்டேங்கு.”

“2023-இல எப்படி?” என்றேன்.

“அதையேன் கேக்கிய. கார் காஞ்சு போச்சு, பிசானம் முங்கிப் போச்சு. ஒரே வருஷத்துல ரெண்டும்.”

அவர் சொன்னது ஒரு வயலின் கதை. ஆனால் நாட்டுக் கணக்கும் அதையேதான் சொல்கிறது. 1901 முதல் பதிவான ஆகஸ்டுகளிலேயே இந்தியாவில் மிகக் குறைவாக மழை பெய்தது 2023 ஆகஸ்டில். எல் நினோ ஆண்டு அது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தப் படுகையில் என்ன நடந்தது என்று கீழே போகும்போது சொல்கிறேன். அதற்கு முன்பு 2016-ஐயும் நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பை விட 62 சதவீதம் குறைந்தது. பஞ்சமும் வெள்ளமும் மாறி மாறி வருவது புதிதில்லைதான். பெரியவரின் அப்பாவும் இரண்டையும் பார்த்திருப்பார். இரண்டும் ஒரே பன்னிரண்டு மாதத்துக்குள் வந்து நிற்பதைத்தான் அவர் பார்த்திருக்க மாட்டார்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெயில் கூடினால் குளத்துத் தண்ணீர் ஆவியாகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ராத்திரி வெக்கை அதை விடப் பொல்லாதது. இரவு வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் நெல் விளைச்சல் பத்து சதவீதம் வரை குறைகிறது என்று பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல் கணக்கு 2004-இல் காட்டியது. அதாவது அதே தண்ணீரைப் பாய்ச்சி முன்பை விடக் குறைவாக அறுப்போம். அணையில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்ப்பவர்களின் கண்ணில் இந்த நஷ்டம் படாது.

அம்பையிலிருந்து கிழக்கே ஆற்றோடு போகும் சாலையில் போனால் தாமிரபரணியின் பழைய மூளை தெரியும். ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் மன்னர் காலத்தவை. கடைசி ஒன்றுதான் வெள்ளைக்காரர் 1870-களில் கட்டியது. இவற்றிலிருந்து பதினோரு கால்வாய்கள். 86,000 ஏக்கருக்கு மேல் பாசனம். இதெல்லாம் பெரிய நீர்த்தேக்கம் எதுவும் இல்லாத காலத்தில் செய்த காரியம். அணைக்கட்டு தண்ணீரைத் தேக்குவதில்லை, திருப்பி விடுகிறது. தேக்கும் வேலை குளங்களுடையது. கால்வாய் முதல் குளத்தை நிரப்பும். அது மறுகால் பாய்ந்தால் அடுத்த குளம். அதற்கடுத்து இன்னொன்று. கடைசிக் குளத்து மறுகால் ஆற்றுக்கோ கடலுக்கோ போகும். வெள்ளத்தை ஒவ்வொரு ஊராக நிறுத்தி நிறுத்தி அனுப்பும் இந்த ஏற்பாட்டை எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்காதவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

மருதூர் மேலக்கால் பாயும் ஒரு குளத்தின் கரை மேல் நடந்து பார்த்தேன். பாதிக் குளம் அமலைச் செடி. மீதியில் நாரைகள். இந்தப் படுகையின் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். மணிமுத்தாற்றில் இருக்கும் அகத்தியமலை மக்கள் சார் இயற்கை வள காப்பு மையத்தார் நடத்தும் வேலை அது. குளத்தில் எவ்வளவு வண்டல் இருக்கிறது என்று அதே போல வருஷா வருஷம் யாராவது எண்ணினால் தேவலை.

கரையின் கோடியில் கலுங்கு. கல் தளத்தின் மேல் ஆள் முழங்கால் உயரத்துக்கு வரிசையாகக் கற்கள் நட்டிருக்கின்றன. முதலில் பார்ப்பவருக்கு எதற்கென்று புரியாது. நீர் பாய்ச்சும் வேலையில் இருக்கும் ஒருவர் அங்கே மண்வெட்டியோடு நின்றார். அவர் விளக்கிச் சொன்னார். ஐப்பசி, கார்த்திகையில் கற்களுக்கு நடுவே எதையும் வைக்கமாட்டார்கள். கூடுதல் தண்ணீர் தாராளமாக மறுகால் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். பெரிய மழை எல்லாம் ஓய்ந்தது என்று தெரிந்த பிறகு கல்லுக்குக் கல் பலகை வைத்து, மண்ணும் வைக்கோலும் போட்டு அடைப்பார்கள். குளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் கூடுதலாக நிற்கும். கடைசி நனைப்புக்கு அதுதான் உதவும்.

“எப்ப அடைப்பீங்க?”

“கார்த்திகை கழியணும்லா. அதுக்கு முன்ன அடச்சா கரை தாங்காது.”

கார்த்திகைக்குப் பின் மழை இல்லை, கர்ணனுக்குப் பின் கொடை இல்லை என்று நம் ஊரில் சொல்வார்களே, அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. இந்தக் கல் வரிசையை எப்போது அடைப்பது என்ற முடிவே அதன் மேல் நிற்கிறது. 2023-இல் கார்த்திகை கழிந்தது. டிசம்பர் 17, மார்கழி முதல் தேதி. அன்றுதான் வானம் பிளந்தது.

குமரிக் கடலை ஒட்டி நின்ற காற்றுச் சுழற்சி ஒன்று நகராமல் இருந்து கொட்டித் தீர்த்தது. புயல் கூட இல்லை. பேர் வைக்கும் அளவுக்கு அது வளரவே இல்லை. மறுநாள் காலை வரையான இருபத்து நான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஆண்டு முழுதும் பெய்யும் சராசரியே 65 செ.மீ. பக்கம்தான். 95 செ.மீ. என்பதை வயல் கணக்கில் சொன்னால் ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர்.

எந்தெந்த ஊர் என்று கவனிக்க வேண்டும். காயல்பட்டினம், திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம் மூன்றும் படுகையின் கீழ்ப்பகுதி, கடலோரமும் சமவெளியும். அணைகள் மூன்றும் மலையில். மலையிலும் கடும் மழைதான். ஆற்றில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வந்தது. ஒரு லட்சம் கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 8,640 மில்லியன் கன அடி. பாபநாசம் அணையை ஒன்றரை முறை நிரப்பும். ஆனால் அணைகளை முழுக்கக் காலியாக வைத்திருந்தாலும் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே விழுந்த தண்ணீரை அவை தொட்டிருக்க முடியாது. மழை மலையில் பெய்யும், அதை மேலே மறித்துக் கீழே பங்கு வைக்கலாம் என்பதுதான் இருபதாம் நூற்றாண்டில் நாம் போட்ட திட்டம் முழுவதற்கும் அஸ்திவாரம். அன்று மழை கீழேயே பெய்துவிட்டது.

ஒரே ஒரு மழையைக் காட்டி இது பருவநிலை மாற்றம்தான் என்று சத்தியம் செய்ய விஞ்ஞானிகள் தயங்குவார்கள். நியாயம்தான். 1992 நவம்பர் வெள்ளத்தை நெல்லைக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். அப்போது இந்தச் சொல்லே ஊரில் புழங்கவில்லை. ஆனால் இரண்டு விஷயங்களில் சந்தேகம் இல்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏழு சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும். இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951-க்கும் 2015-க்கும் இடையே ஏறத்தாழ ஒரு டிகிரி சூடாகியிருக்கிறது. சுமப்பது கூடினால் இறக்குவதும் கூடும். 2024 டிசம்பரில் மறுபடியும் தாமிரபரணியில் வெள்ளம் வந்தது. அந்த ஆண்டு மே 17 அன்று, குற்றாலத்தில் சீசன் தொடங்காத நேரத்தில், பழைய அருவியில் திடீரென்று காட்டாறு இறங்கி ஒரு மாணவனை அடித்துப் போனது. குற்றாலத் தண்ணீர்தான் சிற்றாறாக வந்து சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. ஆகவே அதுவும் இந்தப் படுகையின் கணக்கில்தான் வரும்.

நான் வரிசை மாற்றிச் சொல்லிவிட்டேன். மருதூருக்கு முன்னால் திருநெல்வேலி இருக்கிறது. நெல்லையையும் பாளையங்கோட்டையையும் சேர்க்கும் சுலோசன முதலியார் பாலம் 1843-இல் திறந்தது. அதன் மேல் நின்று கீழே பார்த்தால், வற்றாத ஜீவநதி என்று மேடையில் பேசும் ஆற்றில் நகரத்தின் கழிவுநீர் எங்கெங்கே இறங்குகிறது என்று தெரியும். பாலத்துக்குப் பக்கம் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகம். 2023 வெள்ளத்தில் அந்த வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் நின்றது. புதிய பஸ் நிலையம் இருப்பது வேய்ந்தான்குளத்தில். குளத்தில் பஸ் நிலையம் கட்டிய ஊர் நெல்லை மட்டும் இல்லை, மதுரையும் அதையேதான் செய்தது. ஆகவே திருநெல்வேலிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். குறுக்குத்துறை முருகன் கோயில் மட்டும் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. ஒவ்வொரு வெள்ளத்திலும் மூழ்குகிறது. தண்ணீர் வருமுன் உற்சவரைக் கரையேற்றிவிடுகிறார்கள். வடிந்ததும் கழுவிவிட்டுப் பூசை. வெள்ளம் வரும் என்று ஒப்புக்கொண்டு கட்டியதற்கும், வராது என்று நம்பிக் கட்டியதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு கிலோமீட்டருக்குள் பார்த்துவிடலாம்.

முறப்பநாட்டில் ஆறு வடக்கு நோக்கித் திரும்பி ஓடுவதால் நீராட வருபவர்கள் அதிகம். எனக்கு அந்த ஊர் நினைவில் நிற்பது வேறு காரணத்தால். 2023 ஏப்ரலில், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலரை அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து வெட்டிக் கொன்றார்கள். மணலுக்கும் பருவநிலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். காடு முதல் சேமிப்பு, குளம் இரண்டாவது என்றால் மணல்தான் மூன்றாவது. ஆற்று மணல் வெள்ளத் தண்ணீரை வாங்கிக் கரையோரக் கிணறுகளுக்கும் குடிநீர் உறை கிணறுகளுக்கும் கொடுக்கிறது. மழை நாட்கள் குறையக் குறைய இந்தச் சேமிப்பின் அருமை கூடுகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் அதை லாரியில் ஏற்றினோம். வெப்பத்தைக் கூட்டியது உலகமே சேர்ந்து செய்த தப்பு. மணலை அள்ளியது அப்படி இல்லை.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் மாலை வரை இருந்தேன். எட்டில் கடைசி. இங்கிருந்துதான் வடகாலும் தென்காலும் பிரிகின்றன. தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு இங்கிருந்துதான் குழாயும் போகிறது. கடைமடை விவசாயிக்கும் ஆலைக்கும் நடுவே வருஷா வருஷம் நடக்கும் இழுபறி இந்த இடத்தில்தான். அணைக்கட்டின் முன்னே பல காலமாகச் சேர்ந்து மரமே முளைத்துவிட்ட வண்டலைத் தூர்வார 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. தூர்வாரக் கூட வழக்குப் போட வேண்டும் என்பது நம் நிர்வாகத்தின் லட்சணம்.

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் இந்த ஊர் நிலையத்தில்தான் நின்றது. முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துப் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சுமார் 800 பயணிகள் சிக்கினார்கள். எல்லோரையும் வெளியே கொண்டுவர 19-ஆம் தேதி ஆயிற்று. நிலையத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான் தங்கள் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நிற்கும்போது சமைத்துக் கொடுத்தார்கள்.

பக்கத்துச் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லின் வயது 3,200 ஆண்டு என்று 2021-இல் அறிவித்தார்கள். அவ்வளவு காலமாக இந்த ஆற்றோரத்தில் நெல் விதைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் முத்துத் துறைமுகமாக இருந்த கொற்கையை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவில் தேடிப் பார்க்க வேண்டும். ஆறு தன் வண்டலால் கடலைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. இப்போது வண்டல் வருவது அணைகளால் குறைந்துவிட்டது. கடலோ எதிர்ப்பக்கம் நகர்கிறது. வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993-க்குப் பிறகு ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் என்று உயர்ந்திருக்கிறது.

ஏரல் தாண்டி ஆத்தூர். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டுதான் வெள்ளமும் வந்தது. கொடிக்காலுக்குள் குனிந்து போனால் வெளியே இருக்கும் வெயில் சட்டென்று விட்டுப்போகிறது. அகத்தியைப் பிடித்து ஏறிய கொடிகள். பாத்தியில் கால் வைத்தால் ஈரம். வெற்றிலைக்கு ஈரம் எப்போதும் வேண்டும். தண்ணீர் நின்றால் மட்டும் ஆகாது. வேர் அழுகிவிடும். கொடிக்காலில் இலை கிள்ளிக்கொண்டிருந்த அம்மாள் கை நிறுத்தாமலே பேசினார்.

“ரெண்டு நாள் நின்னுச்சு ஐயா. வடிஞ்ச பொறவு பாத்தா எல்லாம் கருத்துப் போச்சு. மறுபடி அகத்தி போட்டு, கொடி நட்டு, இப்பத்தான் இலை எடுக்கோம்.”

“கிணத்துத் தண்ணி எப்படிம்மா இருக்கு?”

“வெயில் காலத்துல உப்புக் கரிக்கி. ஆத்துல தண்ணி வந்தா நல்லாருக்கும்.”

உப்பளம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆற்றில் நன்னீர் ஓட்டம் இருக்கும் வரை நிலத்தடியில் கடல் தள்ளி நிற்கும். ஓட்டம் நின்றால் உள்ளே வரும். ஆகவே இந்த அம்மாளுக்கு மார்கழி வெள்ளமும் வைகாசி வறட்சியும் இரண்டு தனித்தனி ஆபத்துகள் இல்லை. பதினோரு மாதம் வர வேண்டியது ஒரே நாளில் வந்து போய்விட்டால் மீதி நாளெல்லாம் உப்புத்தான்.

புன்னக்காயலில் சாலை முடிகிறது. தோணிகள், தேவாலயம், கழிமுகத்தில் அலையாத்திப் புதர்கள். தாமிரபரணி கடலில் ‘வீணாகக் கலக்கிறது’ என்று பேசாத அரசியல் மேடை இந்த மாவட்டங்களில் இருக்காது. வலை பின்னிக்கொண்டிருந்த மீனவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். ஆத்துத் தண்ணி வந்தாத்தான் இறால் வரும், கழிமுகம் மணல் மூடாம இருக்கும், யாருக்கு வீணுன்னு சொல்லுதாவ என்றார். அதற்குப் பதில் சொல்ல அந்த மேடைகளில் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

வீண் என்ற வாதத்தில் பிறந்ததுதான் தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டம். கன்னடியன் அணைக்கட்டுப் பக்கமிருந்து எம்.எல். தேரி வரை 75 கிலோமீட்டர் வெள்ளநீர்க் கால்வாய். 2009-இல் தொடங்கி வருஷக்கணக்கில் இழுத்தது. நான் அதற்கு எதிரி இல்லை. சாத்தான்குளம், திசையன்விளை வறட்சிப் பகுதிக்கு ஒரு குளம் தண்ணீர் போனாலும் நல்லதுதான். ஆனால் அது மலையிலிருந்து வரும் வெள்ளத்துக்கான மருந்து. படுகையின் கீழ்ப்பகுதியில் கொட்டும் மழையை அதனால் வாங்க முடியாது. அந்த மழையை வாங்கக் கூடியவை ஏற்கனவே இருக்கின்றன: ஸ்ரீவைகுண்டத்துக்கு மேலும் கீழுமாகக் கிடக்கும் நூற்றுக்கணக்கான குளங்கள். 2023-இல் அவற்றில் பல உடைந்தன. உடைந்த கரைத் தண்ணீர்தான் ஊர்களை முதலில் மூழ்கடித்தது. உடைந்ததற்குக் காரணம் மழை பாதி. மீதி, வண்டல் ஏறி ஆழம் குறைந்ததும், கலுங்கு தூர்ந்ததும், மறுகால் ஓடையில் வீடும் வாழையும் வந்ததும். புதிய கால்வாய்க்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கு இந்தக் கலுங்குகளுக்குக் கிடைத்தால் படுகைக்கு அதுவே பெரிய காப்பு. அடிக்கல் நாட்டு விழா நடத்த வழியில்லாத வேலை என்பதுதான் அதில் உள்ள ஒரே குறை.

கலுங்குக் கல்லை எப்போது அடைப்பது என்று பழைய பழமொழியை நம்பி இனி முடிவெடுக்க முடியாது. அதற்கு வானிலை எச்சரிக்கை குளத்துக் கரை வரை, மண்வெட்டி பிடிக்கும் ஆள் வரை வந்து சேர வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு சிவப்பு எச்சரிக்கை என்று டிவியில் சொல்வது போதாது. எந்தக் கால்வாயில் எவ்வளவு வரும், எந்தக் குளத்தை முன்கூட்டியே இறக்க வேண்டும் என்று ஊர் பேர் சொல்லிச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 22, உலக தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு அப்போது இன்னும் ஆறேழு மாதம் இருக்கும். குளமும் வற்றிக் கிடக்கும். மண் எடுக்க அதுதான் நேரம். நீங்கள் எந்த ஆற்றங்கரையில் இருந்தாலும் சரி, அன்று போய் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நம் குளத்தில் வண்டல் எத்தனை அடி? கலுங்கு கடைசியாக எப்போது பழுது பார்த்தது? மறுகால் ஓடை அடுத்த குளம் வரை திறந்திருக்கிறதா? பதிலை வாயால் வாங்காதீர்கள், தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.